சுவரைத் தாண்டிய கிளை

"கிளை என் எல்லைக்குள்ள வந்துட்டா அது என்னுது. வெட்டிப் போடுவேன். யாரையும் கேக்க வேண்டியதில்லை." ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வேலூரைச் சுற்றி முளைக்கும் புது நகர்கள் என்று எங்கே மனை பிரித்தாலும் இந்தப் பேச்சும் கூடவே குடிவருகிறது. மேஸ்திரி சொல்கிறார், எதிர்வீட்டு அண்ணன் சொல்கிறார், வாஸ்து பார்ப்பவர் சொல்கிறார். வக்கீலைக் கேட்டால் அவரும் தலையாட்டிவிடுகிறார். ஊரே ஒத்துக்கொண்ட பேச்சை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. நான் இதை மறுக்கிறேன். இதில் சட்டம் பாதிதான் இருக்கிறது. மரத்தைப் பற்றிய அறிவு அறவே இல்லை. வெயிலாலும் கழிவாலும் அடிபட்ட இந்தப் பாலாற்றங்கரை ஊர்களுக்கு இதைவிடப் பொருந்தாத அறிவுரையும் இல்லை.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அருவாளை எடுக்கிறவர் கையில் முதலில் இருப்பது அதுதான். இந்தப் பேச்சு இங்கிலாந்திலிருந்து வந்தது. லெம்மன், வெப் என்ற இரண்டு நில உரிமையாளர்களுக்கிடையே நடந்த வழக்கில் 1894-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: அடுத்தவர் மரத்தின் கிளை என் நிலத்தின் மேல் நீண்டால், முன்கூட்டிச் சொல்லாமலேயே நான் அதை நறுக்கலாம். நம் நீதிமன்றங்களும் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் நடக்கின்றன. இதுவரை ஊர்ப்பேச்சு சரி. ஆனால் அதே சட்டம் வைத்திருக்கும் வரம்புகளை யாரும் சொல்வதில்லை. உங்கள் பக்கத்திலிருந்தபடியே வெட்ட வேண்டும்; சுவரேறி அந்தப் பக்கம் கால் வைத்தால் அத்துமீறல். எல்லைக்கு ஒரு சாண் அப்பால் வெட்டினாலும் அது அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்துவது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. வெட்டி விழுந்த கட்டையும் உங்களுடையதல்ல. அது மரத்துக்காரருக்குச் சொந்தம். மாங்காயும் அப்படித்தான்: உங்கள் மாடிமேல் தொங்குகிற காயைப் பறித்து விற்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 1919-ல் ஆப்பிள் பறித்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு எதிராக இங்கிலாந்து நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. மரம் சந்தனமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பட்டா நிலத்துச் சந்தனத்தைக்கூட வனத்துறை அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்பதை ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆக, "அது என்னுது" என்ற முதல் வார்த்தையே தவறு. சட்டம் உங்களுக்குத் தந்திருப்பது தொல்லையை நீக்கிக்கொள்ளும் ஒரு வழி. கிளையை அது உங்களுக்கு எழுதிக்கொடுக்கவில்லை.

அவசரத்துக்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. "இப்ப விட்டா நாளைக்கு உரிமை கொண்டாடுவாங்க" என்பார்கள். நடைபாதைக்கும் வாய்க்காலுக்கும் ஜன்னல் வெளிச்சத்துக்கும் இருபது வருட அனுபோகத்தால் உரிமை வரலாம் என்று 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்வது உண்மை. அந்தக் கணக்கைக் கிளைக்கும் போட்டுக்கொள்கிறார்கள். கிளைக்கு அது பொருந்தாது. லெம்மன் வழக்கில் இருந்தவை நெடுங்காலமாக அடுத்த நிலத்தின் மேல் கவிந்திருந்த முதிர்ந்த மரங்கள். அத்தனை காலம் நீட்டிக்கொண்டிருந்ததால் மரத்துக்காரருக்கு எந்த உரிமையும் பிறந்துவிடவில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. கிளை ஒவ்வோர் ஆண்டும் வளர்கிறது, மாறுகிறது. அது ஓரிடத்தில் நின்று அனுபோகம் சேர்ப்பதில்லை. பத்து வருடம் பொறுத்திருந்தாலும் உங்கள் உரிமை ஒரு துளியும் தேயாது. இன்றைக்கே வெட்டியாக வேண்டும் என்று சட்டத்தில் எந்த நெருக்கடியும் இல்லை. பேசிப் பார்க்கச் சட்டமே நேரம் கொடுத்திருக்கிறது.

கேட்காமல் வெட்டலாம் என்பது உலகப் பொது நியாயமும் அல்ல. பிரான்ஸின் உரிமையியல் சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கிளையைத் தானே வெட்ட முடியாது. மரத்துக்காரரை வெட்டவைக்கத்தான் முடியும். ஜெர்மனியில் முதலில் நியாயமான தவணை கொடுக்க வேண்டும். அதற்கு மேலாக, கிளையால் உங்கள் நிலத்தின் பயன்பாட்டுக்கு இடைஞ்சல் இருந்தாக வேண்டும். இடைஞ்சல் இல்லையென்றால் வெட்டும் உரிமையே இல்லை. ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது: மரத்துக்காரரிடம் சொல்ல வேண்டும், அவர் நியாயமான காலத்துக்குள் வெட்டவில்லை என்றாலோ, அவர் யாரென்றே தெரியவில்லை என்றாலோ, அவசரம் என்றாலோதான் நீங்கள் வெட்டலாம். ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம்கூட மரத்தின் கீழ்ப்பகுதியைப் பதினைந்து அடி உயரம் வரை கழிப்பதைப் பற்றிப் பேசுகிறது என்பார்கள். நிலம் சுருங்கி ஜனம் நெருங்கிய நாடுகள் "முதலில் சொல்" என்று எழுதிவைத்திருக்கின்றன. நாம் மட்டும் பெரும் பண்ணை உடையவர்களுக்கு இடையே பிறந்த ஒரு தீர்ப்பை, சுவரோடு சுவர் ஒட்டிய ஆம்பூர்த் தெருவில் வைத்துக்கொண்டு வீரம் பேசுகிறோம்.

இனி மரத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

சுவருக்கு நேராகக் கிளையை நறுக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மனைப் படத்தில் இருக்கிற கோடு மரத்தின் உடம்பில் இல்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்து ஓர் உண்மையை நிலைநாட்டினார். மரம் காயத்தை நம்மைப் போல ஆற்றிக்கொள்வதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி, அழுகல் பரவாமல் ஒதுக்கிவைக்கிறது. அந்தத் தடுப்பு வலுவாக எழும் இடம், கிளை தாய்மரத்தோடு சேருகிற இடத்தில் பருத்துத் தெரிகிற வளையம். அந்த வளையத்துக்கு வெளியே, அதைச் சீண்டாமல் வெட்டினால் மரம் சமாளித்துக்கொள்ளும். அதைவிட்டு, நடுக்கிளையில் சுவருக்கு நேராக வெட்டினால் என்ன ஆகிறது? மிச்சமிருக்கும் மொட்டைக்கட்டை மெல்லக் காய்கிறது. மழைநீர் இறங்குகிறது, பூசணம் பிடிக்கிறது, அழுகல் தண்டை நோக்கி நகர்கிறது. இன்னொரு பக்கம், வெட்டுவாய்க்குக் கீழே கொத்தாகத் தளிர்கள் வெடிக்கின்றன. வேம்புக்கும் புங்கனுக்கும் அந்த வேகம் அதிகம். இந்தத் தளிர்கள் இயல்பான கிளையைப் போல உள்மரத்தில் வேரோடி வந்தவை அல்ல. மேல்தோலை ஒட்டி நிற்பவை. சில வருடங்களில் அவை பழைய கிளையைவிட அடர்த்தியாக, கனமாக, அதே சுவருக்கு மேல் வந்து நிற்கும். ஐப்பசிக் காற்றில் முறிந்து விழுவது அவைதான். கேட்காமல் வெட்டியவர் தன் தலைக்கு மேலேயே ஆபத்தை வளர்த்துக்கொள்கிறார்.

ஒருபக்கம் மட்டும் கழித்த மரத்தின் எடையும் சாய்கிறது. மொட்டையடித்த மரம் இலையை இழந்து, இருப்பில் வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்து மறுபடி துளிர்க்கப் பார்க்கிறது. வேருக்குப் போக வேண்டியது குறைகிறது. ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் தழையைக் கழிக்காதீர்கள் என்று மரம் அறிந்தவர்கள் சொல்வது அதனால்தான். ஒழுங்காகக் கவாத்து செய்வதற்கு மரத்துக்காரர் பக்கம் ஏறியாக வேண்டும். பருத்த கிளையென்றால் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, கனம் இறங்கிய பிறகு வளையத்துக்கு வெளியே கடைசி வெட்டு என்று மூன்று தடவையாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கிளை விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். இதையெல்லாம் உங்கள் மாடியில் நின்று தொரட்டியால் செய்ய முடியாது. மரத்துக்கும் உங்களுக்கும் நல்லதாக அமைகிற ஒரே வெட்டு, அந்த வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அவர் மண்ணில் நின்று வெட்டுகிற வெட்டு. கேட்க வேண்டும் என்பதை மரியாதைக்காக மட்டும் நான் சொல்லவில்லை.

அடுத்தது நிழல். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு. அந்தப் பாறைக் குன்றுகள் பகல் முழுக்கக் காய்ந்து இரவு முழுக்க அனலைத் திருப்பி ஊதுகின்றன. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேன்கள் சாயங்காலம் இறக்கிவிடும் பெண்கள் திரும்பிப் போவது சிமெண்ட் ஷீட் கூரைக்கும் ஒற்றைச் செங்கல் சுவருக்கும். அந்தச் சுவரின் மேற்கில் அடுத்த வீட்டு வேம்பு ஒன்று நின்றால், பிற்பகல் மூன்று மணி வெயில் சுவரில் விழாது. இரவு எட்டு மணிக்கு அடுப்பு மூட்டும்போது அந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். அந்த மரத்துக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை, ஆடு கடிக்காமல் வேலி கட்டவில்லை, இடமும் விடவில்லை. அதன் வேர் அடுத்தவர் மனையைத் தின்கிறது. நிழல் உங்கள் மனையில் விழுகிறது. மனை விலை ஏறிக்கொண்டே போகிற ஊரில் ஒருவர் பத்தடி மண்ணை மரத்துக்கு விட்டுவைத்திருக்கிறார். கணக்குப் பார்க்கிறவர் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஊர்களின் பிழைப்பே மரப்பட்டையில்தான் தொடங்கியது என்பதும் நினைவில் இருக்கட்டும். குரோம் வருவதற்கு முன்பு தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கொன்றைப்பட்டையும் கடுக்காயும். நம் பாட்டனார் காலத்துத் தோல் ஷாப்புகளில் பட்டை வந்து இறங்கும் வண்டிகளை எண்ணித்தான் தொழில் நடந்தது.

அடுத்தவர் எல்லையைத் தாண்டி வருவது தொல்லை என்ற சட்டத்துக்கு, இந்த மண்ணில் நடந்த பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். கிளை வெட்டுவதைப் பற்றிப் பேசும் நம் ஊர்க்காரர்கள்தான் அதை நினைப்பதில்லை. தோல் கழிவுநீர் பாலாற்றிலும் வயலிலும் கிணற்றிலும் இறங்குவதை எதிர்த்து, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணிப்பு அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டமாக உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பில்தான்.

அதில் நீதிபதிகள் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனைத் துணைக்கு அழைத்தார்கள். பக்கத்து வீட்டாரின் மூக்குக்கு நாற்றம் எட்டும்படி பன்றி வளர்ப்பது குற்றம். தோல் பதனிடுவது போன்ற தொழில் அவசியமானதாகவே இருந்தாலும் குடியிருப்பை விட்டுத் தள்ளித்தான் நடக்க வேண்டும். ஆற்றின் மேல்பகுதியில் சாயப்பட்டறையோ சுண்ணாம்புக் குழியோ வைத்துக் கீழே இருப்பவரின் நீரைக் கெடுப்பதும் குற்றம் என்பது அவர் சொன்னதன் சாரம். சுண்ணாம்புக் குழி! வாணியம்பாடியில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. கிளை வெட்டும் உரிமையும் இந்தத் தீர்ப்பும் ஒரே அடியிலிருந்து வந்தவை: அண்டை அயலார்க்குத் தொல்லை செய்யாதே என்ற பழைய பொதுச்சட்டம். அந்தச் சட்டத்தின் உயிர் "தீங்கு" என்ற ஒன்றில்தான் இருக்கிறது.

தீங்கு எது என்பதில் நாம் தடுமாறிவிட்டோம். கிணற்று நீர் நிறம் மாறியபோது வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டோம். வேலை போய்விடும் என்று பயந்தோம். அந்தப் பயம் நியாயமானது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு இந்தத் தொழிலில்தான் எரிகிறது. 1996 தீர்ப்பையடுத்து அமைக்கப்பட்ட ஆணையம் 2001-ல் 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. அதற்குப் பின்னும் வழக்கு ஓயாமல், 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் குற்றவாளிகளிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் 2015 ஜனவரி 31 விடியுமுன் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். சுவரைத் தாண்டி வரும் தீங்கு என்றால் இந்தப் பகுதியில் அதுதான். அதைக் கேட்கத் தயங்கிய வாயால், புங்கமரம் பூ உதிர்க்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சண்டைக்குப் போகிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"தோல் கழிவுக்கும் வேப்பிலைக்கும் என்ன சம்பந்தம்? எனக்குக் குப்பை உண்மைதானே?" என்று கேட்பார்கள். குப்பை உண்மைதான். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும்போது மாடியில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். குழாய் வாயில் ஒரு கம்பி வலை போட்டு வாரம் ஒருதரம் பெருக்கினால் தீரும் சங்கதி அது. பாம்பு என்கிறார்கள், பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி நாம் குவித்துவைத்த செங்கல்லையும் தட்டுமுட்டையும் தேடி வருகிறது. வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கும் என்பதைப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. வேர் ஈரத்தைத் தேடும். ஒழுகும் கழிவுநீர்க் குழாயிலும் விரிசல் விட்ட தொட்டியிலும்தான் பெரும்பாலும் நுழையும். குழாயைச் சரிசெய்யாமல் மரத்தை வெட்டினால் அடுத்த மரம் அதே இடத்துக்கு வரும். சுவரிலேயே முளைக்கும் அரசங்கன்றும் ஆலங்கன்றும் வேறு விஷயம். அவற்றைக் கண்டவுடன் பிடுங்க வேண்டும், அதில் தாட்சண்யம் கூடாது.

இப்போது புதிதாக வந்திருப்பது சோலார். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் மாடிக்கு மாடி பலகைகள் ஏறுகின்றன. நிழல் விழுந்தால் மின்சாரம் குறையும். வரிசையில் ஒரு பலகை மறைந்தாலும் மற்றவையும் சோரும். இந்தக் குறையை நான் ஒதுக்க மாட்டேன், பணம் போட்டவருக்கு அது உண்மையான நஷ்டம். ஆனால் மரம் முன்பே நின்றது. பலகை பிறகு வந்தது. வடக்கே நிற்கிற மரத்தின் நிழல் பெரும்பாலும் உங்கள் கூரைக்கு வராது, மேற்கே நிற்கிறது மாலையில் மட்டும் வரும். ஒருநாள் முழுக்க நிழல் நகர்வதைப் பார்த்துவிட்டு இடம் குறித்தால், பாதித் தகராறு பிறக்கவே பிறக்காது. மிச்சத்துக்கு ஒன்றிரண்டு கிளை போதும். மரத்தையே மொட்டையடிக்க வேண்டியதில்லை.

பேசுவது எப்படி என்பதும் தெரியாத விஷயமல்ல. "பாய், உங்க மரத்துக் கிளை ரெண்டு எங்க தண்ணித் தொட்டி மேல சாஞ்சிருக்கு. ஆள் நான் கூட்டியாறேன், கூலி பாதிப் பாதி. கட்டை உங்களுது" என்று ஒருவர் கேட்டால், ஆம்பூரில் மறுக்கிற வீடு அரிது. எந்தக் கிளை என்பதை இருவரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்கம்பி அருகில் ஓடினால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டிக்காமல் யாரையும் ஏற்றக்கூடாது. கோடையில் தொடாதீர்கள், நிழல் தேவைப்படுகிற நேரம் அதுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் கனத்தைக் குறைத்துவிட்டால் காற்றுக்கும் தாங்கும். கைக்கு வந்தபடி சீவுகிறவரை விட்டுவிட்டு, வளையம் எது என்று தெரிந்தவராகத் தேடுங்கள். கூலி கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

அவர் கேட்கவே மாட்டேன் என்றால்? அப்படிப்பட்டவர்களும் உண்டு, மரத்தை வைத்து வம்பு வளர்ப்பவர்களை நான் தாங்கிப் பேச வரவில்லை. குறிப்பாகத் தென்னை விஷயத்தில் என் வாதம் முழுக்க மாறும். குழந்தை விளையாடும் முற்றத்தின் மேல் நெற்றும் மட்டையும் தொங்கினால் அங்கே பொறுமைக்கு இடமில்லை. பட்டுப்போய்ச் சாய்ந்த மரத்துக்கும் அப்படித்தான். தேதி குறித்துக் கடிதம் கொடுங்கள், பதிவுத் தபாலில். புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னால் விழுந்து சேதமானால், ஆபத்து தெரிந்தும் சும்மா இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கும் அசையாவிட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு அதுதான். விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழியில் போகிறவருக்கோ காயம் உண்டாக்கும் நிலையில் இருக்கும் மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு, மரம் என்று அந்தப் பிரிவே பேர் சொல்லிக் குறிக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இதற்காக வேலூருக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ல் திருப்பத்தூர் மாவட்டம் பிரிந்த பிறகு கோட்டாட்சியர் அலுவலகம் வாணியம்பாடியிலேயே இருக்கிறது. உத்தரவு வரும்வரை அந்த மரத்துக்கு நேர் கீழே கட்டில் போடாதீர்கள், வண்டி நிறுத்தாதீர்கள்.